ஹஜ்ரத் சொன்னாங்க

மாதம் ஒருமுறை அரபி மார்க்க நூல்களான கிதாபுகளைத் தூசி தட்டி வெயில் காட்டுவது ஹஜ்ரத்தம்மாவின் வேலை. அந்த அலமாரியில் வேறு யாரும் கைவைக்க முடியாது. வீட்டு வேலைக்கு வந்தவள் ஒருமுறை நல்லது செய்வதாக நினைத்து ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட்டாள். பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத், அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாட்டையே மறந்துவிட்டு ஒவ்வொரு பக்கமாக விசிறிக்கொண்டிருந்தார். அதோடு அலமாரிச் சாவி அவர் மனைவி ஹஜ்ரத்தம்மாவின் கொத்தில் சேர்ந்துவிட்டது.

மொட்டை மாடியில் பழைய படுக்கை விரிப்பை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, கிதாபுகளை வரிசையாகத் திறந்து வைப்பாள். சுவருக்கு வண்ணம் பூசுகிற இரண்டு அங்குல பிரஷ் ஒன்று வைத்திருந்தாள். அதைக்கொண்டு முதுகு, விளிம்பு, நடுமடிப்பு என்று தட்டிக்கொண்டே போவாள். சுறுசுறுப்பான பெண்பிள்ளைக்கு இரண்டு மணி நேர வேலை. அவளுக்குக் காலைப் பொழுது முழுக்கப் போதாது. தட்டத் திறந்த பக்கத்தை வாசிக்காமல் மூட அவளால் முடியாது.

"என்ன, இன்னைக்கும் தூசி அரபியிலதான் இருந்துச்சா?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஹஜ்ரத் கேட்பார்.

"ரெண்டாம் பாகத்துல கொஞ்சம் கஷ்டமான தூசிங்க" என்பாள் அவள்.

அவளுடைய வாப்பாவும் மார்க்கம் படித்த ஆலிம்தான். மகனையும் மகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அரபி இலக்கணத்தில் தம்பி திணறும்போதெல்லாம் அக்காவைக் கேட்கச் சொல்வார். பன்னிரண்டு வயதில் அவள் பாய் சுருட்டப்பட்டது. தம்பி பெரிய மதரஸாவுக்குப் போய், ஏழு வருஷம் கழித்துத் தலைப்பாகையும் பட்டமுமாகத் திரும்பிவந்தான். அவள் அடுப்படிக்குப் போனாள். இன்றைக்கும் அவனிடமிருந்து போன் வரும். "அக்கா, இது எந்தப் பாகத்துல வரும்?" என்று கேட்பான். பக்கத்தோடு சொல்வாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஊர் ஜனம் அதை அவன் வாயால் கேட்டுக்கொள்ளும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது இரண்டு வாசல் இருப்பதைப் பார்த்தாள். முன்வாசலில் ஆண்கள் வருவார்கள். பின்வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பெண்கள் வந்து நிற்பார்கள். மாதவிலக்கில் எந்த நாள் வரைக்கும் நோன்பில்லை, புருஷன் கோபத்தில் சொன்னது தலாக் ஆகுமா, குழந்தை மூத்திரம் பட்ட புடவையோடு தொழலாமா என்று முன்வாசலில் நின்று கேட்க முடியாத மார்க்கச் சந்தேகங்கள் எல்லாம் அங்கேதான் வரும். "மாமி, ஹஜ்ரத்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

முதல் இரண்டு மூன்று வருஷம் உண்மையிலேயே கேட்டுத்தான் சொன்னாள். பிறகு, அவர் சொல்லப்போவது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததற்குக் கேட்பானேன்? ஆனால் கேட்காமல் சொன்னால் வந்தவளுக்கு மனசு ஆறாது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். "இரு, கேட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போவாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடிப்பாள். வெளியே வந்து, "ஹஜ்ரத் சொன்னாங்க" என்று ஆரம்பிப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில், இன்னார் வந்தாள், இதைக் கேட்டாள், இப்படிச் சொன்னேன் என்று ஒப்பிப்பாள். "ம், சரிதான்" என்பார் அவர்.

அப்படிச் சொல்ல ஆரம்பித்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் திருத்தியது மூன்றே தடவை. அதில் ஒரு தடவை அவர் திருத்தியதுதான் தப்பு. அதை அவள் சொல்லவில்லை.

அந்த மாதம் கிதாபுகளைத் தட்டும்போது, அதுவரை ஹஜ்ரத்தின் மேஜையிலேயே கிடந்த ஒன்றின் நடுவிலிருந்து ஒரு கடிதம் விழுந்தது. ஜமாஅத் நடத்துகிற பெண்கள் பள்ளிக்கூடத்தின் செயலாளர் எழுதியது. மரக்கடைக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தேதியைப் பார்த்தாள். நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும்தான். போன வருஷம் வந்த தலைமையாசிரியை அலையாய் அலைந்து, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அறிவியல் பிரிவு வாங்கிவிட்டாள். வகுப்பறை இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்தது. பதினெட்டு கிலோமீட்டர். வாரம் இரண்டு நாள் வேனில் போய் வரவேண்டும். பத்துப் பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு, இல்லையென்றால் கிடைத்த அனுமதி காலாவதியாகிவிடும். வாப்பாவோ அண்ணனோ கூட வராமல் வயசுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டுத்தான் மரக்கடைக்காரர் எழுதியிருந்தார். ஹஜ்ரத் அதை மடித்துக் கிதாபுக்குள் வைத்து, "பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார்.

அந்தப் 'பார்ப்போம்' அவளுக்கு அத்துப்படி. அவர் கெட்ட மனுஷர் இல்லை. யாருக்கும் முடியாது என்று சொல்லமாட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய மகள் பத்தாவது மதிப்பெண் பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றபோதும், முடியாது என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேர்க்கை தேதி போய்விட்டது. அப்புறம் மாப்பிள்ளை வந்துவிட்டார். மகள் இப்போது வேறு ஊரில், இரண்டு பிள்ளைகளோடு. போனில் பேசும்போது, "வாப்பா இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாள். இவள் உடனே, பிள்ளைகள் சாப்பிட்டாச்சா என்று பேச்சை மாற்றுவாள்.

கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு தூரத்துக்கு மேல் போனால் பயணம், அப்போது பெண்ணுக்கு ஆண் துணை வேண்டும், தொழுகையைச் சுருக்கலாம் என்று சொல்கிற பாடத்தைத் தேடி எடுத்தாள். ஒரு பக்கம் வாசித்தாள். அதற்கு மாறான கருத்து அடுத்த பக்கத்தில் இருந்தது. அதையும் வாசித்தாள். வெயில் தலைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பின்வாசலில் தையல்காரர் மனைவியின் குரல்.

"மாமி! இருக்கீங்களா?"

இறங்கிப் போனாள். தையல்காரர் மனைவி கழுத்தில் அளவு நாடா தொங்க நின்றாள். தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"என் பொண்ணு பதினொண்ணு சேரணும்னு மூணு நாளா சாப்பிட மாட்டேங்கிறா மாமி. அவங்க வாப்பா, ஹஜ்ரத் சரின்னு சொன்னா எனக்கும் சரிங்கிறாரு. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"மூணு நாளாவா சாப்பிடல?"

"நான் பாக்கும்போது சாப்பிடல" என்றாள் தையல்காரர் மனைவி. "பாக்காதப்ப என்ன செய்றாளோ, பிஸ்கட் டப்பா காலியாகுது."

"இரு, கேட்டுச் சொல்றேன்."

உள்ளே போனாள். டம்ளரை எடுத்தாள். ஹஜ்ரத் வீட்டில் இல்லை. இறந்துபோன ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தப் போயிருந்தார், வர மத்தியானமாகும். தண்ணீரைக் குடித்தாள். இன்னொரு டம்ளர் மொண்டு அதையும் குடித்தாள். வெளியே வந்தாள்.

"ஹஜ்ரத் போகலாம்னு சொன்னாங்க. அந்தத் தூரம் பயணக் கணக்குலயே வராது. நம்பிக்கையான பொம்பளை ஒருத்தர் கூடப் போகணும், அவ்வளவுதான்."

தையல்காரர் மனைவி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவள் ஒப்பிக்கவில்லை. ஜனாஸாவுக்குப் போய் வந்த களைப்பில் இருக்கிறார், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு விருந்தாளி வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் யாரும் வரவில்லை, களைப்பும் இல்லை. அன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டால் அப்புறம் அள்ள முடியாது.

தையல் மிஷின் பக்கத்தில் சொன்ன செய்திக்கு வேறு தண்டோரா வேண்டியதில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவள், பொத்தான் வைக்க வந்தவள் எல்லோரும் 'ஹஜ்ரத் சொன்னாங்களாம்' என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் பதினொரு பெண்பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

ஹஜ்ரத்தம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். உப்புப் போட்டோமா என்று மூன்று தடவை ருசி பார்த்துவிட்டு, கடைசியில் போடாமலே இறக்கினாள். முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பின்வாசலுக்கும், பின்வாசலில் குரல் கேட்டால் முன்வாசலுக்கும் போனாள்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து எப்போதும் அரைமணி நேரம் பேசிவிட்டு வருகிறவர் அன்று உடனே வந்தார். கிதாபு அறைக்குள் போய் உட்கார்ந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க வா" என்றார். வந்தாள்.

"நாலு பேர் முன்னாடி மரக்கடைக்காரர் கேக்குறாரு. 'எங்க கடுதாசிக்குப் பதில் இல்ல, பொம்பளைங்களுக்கு மட்டும் சொல்லி அனுப்பிட்டீங்களே ஹஜ்ரத்'னு. நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லல."

"பின்ன?"

"நான் சொன்னேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "நாளைக்குச் சேர்க்கைக்குக் கடைசி நாளாம். நான் அப்படிச் சொல்லலன்னா இன்னைக்கே பள்ளிவாசல் பலகையில அறிவிப்பு ஒட்டிருவாராம், எல்லாரும் பேரை வாபஸ் வாங்கிக்கோங்கன்னு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் அலமாரியைத் திறந்தாள். கிதாபை எடுத்தாள். பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் வாசித்தார். விரலை வரிகளில் ஓட்டினார்.

"இதுக்கு மாறாவும் கருத்து இருக்கு."

"அடுத்த பக்கத்துல இருக்கு. அதையும் படிச்சேன். அதுக்குக் கிதாபு எழுதினவங்களே சொல்ற பதில் கீழ பொடி எழுத்துல இருக்கு, பாருங்க."

பார்த்தார்.

"மரக்கடைக்காரர் வாரம் ரெண்டு தடவை அதே ஊருக்கு மரம் எடுக்கப் போறாரு" என்றாள். "அங்க மத்தியான லுஹர் தொழுகையைப் பயணின்னு நாலு ரக்அத்தை ரெண்டாச் சுருக்கியா தொழறாரு? முழுசா நாலுதானே தொழறாரு? லாரியில போற அவருக்குப் பயணமில்லாத தூரம், வேன்ல போற பொண்ணுக்கு மட்டும் எப்படிப் பயணமாகும்?"

ஹஜ்ரத்தின் மீசையோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார்.

"ஆதாரமெல்லாம் சரிதான். அதையா நான் கேட்டேன்? என் பேர்ல பொய் சொல்லியிருக்க."

பொய் என்ற வார்த்தை அவளைச் சுட்டது. "இருபத்திரண்டு வருஷமா சொல்றேன். அப்பல்லாம் பொய்யாத் தெரியலையா?"

"அப்பல்லாம் ராத்திரி என்கிட்ட சொல்லுவ."

"இந்தத் தடவையும் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் கிதாபை மூடினார். கிதாபுக்குப் பக்கத்திலேயே அந்தக் கடிதத்தையும் எடுத்து வைத்தாள். நான்கு மாத மடிப்பு அதில் கோடாக விழுந்திருந்தது.

"பொய்னு படுதுல்ல, அப்ப உண்மையைச் சொல்லிருங்க" என்றாள். "என் வீட்டுக்காரிதான் சொன்னா, ஆதாரத்தோட சொன்னா, எனக்கும் அது சரின்னு படுதுன்னு சொல்லுங்க. கிதாபை அவங்க முன்னாடி வைங்க."

"நீ சொன்னதுன்னு தெரிஞ்சா பதினொரு பேரும் நாளைக்கே பேரை எடுத்துருவாங்க."

"ஆதாரம் இல்லாததாலயா?"

"இல்ல."

"பின்ன எதனால?"

அவர் எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ செய்யப் போனார். குழாய்த் தண்ணீர் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது.

அஸர் முடிந்து மரக்கடைக்காரரும் கமிட்டியைச் சேர்ந்த இரண்டு பேரும் முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியையும் வந்திருந்தாள். முன்னறையில் ஆண்கள் இருந்ததால் அவள் அடுப்படியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தையே நடத்துகிறவள், பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சைத் திரைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கவேண்டியிருந்தது. மடியில் ஒரு ஃபைல், அதில் பதினொரு விண்ணப்பம். ஃபைல் நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"மாமி, உண்மையச் சொல்லுங்க" என்றாள் மெல்ல. "ஹஜ்ரத் சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்."

தலைமையாசிரியையின் விரலில் நாடா நின்றது. முகம் வெளுத்து, பிறகு மெதுவாகச் சமாதானமானது. "சரி. தயவுசெஞ்சு இப்ப அதைச் சொல்லிராதீங்க."

"நீயுமாம்மா?"

"ரெண்டு வருஷம் போகட்டும் மாமி. புள்ளைங்க பரீட்சை எழுதி முடிக்கட்டும். அப்புறம் நீங்க சொன்னதுதான்னு நானே மேடை போட்டுச் சொல்றேன்."

ஹஜ்ரத்தம்மா அவிந்த அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்தாள். மறுபடி ஏற்றினாள்.

திரைக்கு அந்தப் பக்கம் மரக்கடைக்காரரின் கட்டைக் குரல் கேட்டது. "ஹஜ்ரத், மனசுல வெச்சுக்காதீங்க. ஊர்ல ஒண்ணு பேசுறாங்க, நீங்க ஒண்ணும் சொல்லல. நாங்க எதை நம்புறது? நீங்கதான் சொன்னீங்களா, இல்ல பொம்பளைங்க அவங்களா ஏதும் கிளப்பிவிட்டாங்களா?"

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்" என்றார் ஹஜ்ரத்.

ஃபைல் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்த தலைமையாசிரியை அப்படியே முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"வாப்பாவோ அண்ணனோ கூட இல்லாம, அவ்வளவு தூரம்…"

"அது கிடக்கட்டும். நீங்க வாரம் ரெண்டு தடவை அந்த ஊருக்குப் போறீங்களே, அங்க லுஹர் எத்தனை ரக்அத் தொழறீங்க?"

"நாலுதான் ஹஜ்ரத். பக்கத்துல இருக்கற ஊர்தானே, அதுக்குப் போயி எதுக்குச் சுருக்கித் தொழறது?"

"ஆங். அப்ப லாரியில போற உங்களுக்குப் பயணமில்லாத தூரம், வேன்ல போற புள்ளைக்கு எப்படிப் பயணமாகும்?"

கமிட்டிக்காரர்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "மாட்டிக்கிட்டீங்களே!" என்றார் ஒருவர். கொஞ்சம் தாமதமாக மரக்கடைக்காரரும் சிரித்தார். "ஹஜ்ரத் மூளையே மூளை" என்றார். "இதை நான் யோசிக்கவே இல்லையே."

ஹஜ்ரத்தம்மா அசையாமல் நின்றாள். மத்தியானம் அவள் பேசிய பேச்சு அது. லாரிகூட மாறவில்லை.

"ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தீங்கன்னா பலகையில ஒட்டிருவோம்" என்றார் மரக்கடைக்காரர்.

"இந்தா, லெட்டர் பேடும் முத்திரையும் எடுத்துட்டு வா" என்று உள்ளே குரல் கொடுத்தார் ஹஜ்ரத். அவள் எடுத்துவந்து திரையோரம் கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். முத்திரை ஒருமுறை காகிதத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

போகும்போது தலைமையாசிரியை அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "உங்களாலதான் மாமி" என்று காதோடு சொன்னாள். காதோடு மட்டும்தான் சொன்னாள். பிறகு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

நிம்மதி வரவேண்டிய நேரம்தான். பதினொரு பெண்கள் நாளைக்குச் சேர்ந்துவிடுவார்கள், தையல்காரர் வீட்டு பிஸ்கட் டப்பாவும் பிழைத்துக்கொள்ளும். அப்படி நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது, ஆனால் தங்கவில்லை. மகளுக்குப் போன் போட எடுத்தாள், வைத்துவிட்டாள். என்னவென்று சொல்வது? வாப்பா பார்த்துவிட்டார் என்றா?

கிதாபு அறைக்குப் போய் மேஜைமேல் கிடந்ததை அலமாரியில் வைத்தாள். கடிதத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஹஜ்ரத் வந்தார். பாரம் இறங்கிய முகம்.

"முடிஞ்சுது. எனக்கும் பேர் கெடல, உனக்கும் கெடல."

"எனக்கு ஏதுங்க பேரு, கெடறதுக்கு?"

அவர் உட்கார்ந்தார். "உன்னைக் காப்பாத்தத்தானே சொன்னேன்."

"நான்தான் சொன்னேன்னு சொன்னீங்களே, அது பொய்யில்லையா?"

"புள்ளைங்களுக்காகச் சொன்னது."

"நானும் புள்ளைங்களுக்காகத்தான் சொன்னேன். என்னுது மட்டும் பொய்யாயிருச்சு."

அவர் தாடியைத் தடவினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே பின்வாசல்ல எது வந்தாலும் முதல்ல என்கிட்ட வரட்டும். நான் சொல்றேன், அப்புறம் நீ சொல்லு."

"நீங்க பார்ப்போம்னு சொன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெயில் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கடிதத்தை மேஜைமேல், அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். "நாளைக்குக் காலையில ஒருத்தி வருவா. எப்பவும்போல அந்தக் கல்லுப் பக்கத்துல நிப்பா. அவ கேக்கறது எனக்குத் தெரிஞ்சதா இருக்கும். கிதாபுல இருக்கும், பக்கத்தோட காட்ட முடியும். நீங்க வெளிய போயிருப்பீங்க. இனிமே நான் உள்ள போயித் தண்ணி குடிச்சிட்டு வரமாட்டேன். நீங்களே சொல்லுங்க, அவகிட்ட யார் சொன்னதாச் சொல்லட்டும்?"

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஆரம்பித்தது. ஹஜ்ரத் எழுந்தார். மேஜைமேலிருந்த தொப்பியை எடுத்து இரண்டு தடவை தட்டினார், அதில் தூசி எதுவும் இல்லை. தலையில் வைத்துக்கொண்டார். நிலைப்படியில் ஒரு நொடி நின்றார். 'பார்ப்போம்' என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

அதையும் சொல்லாமல் வெளியே போனார்.